பூட்டிய அலுவலகங்களில் மாலை வகுப்பு

அரசு அலுவலகம் ஒன்று புதுக் கட்டடத்துக்குக் குடிபோனதும், அது விட்டுச்சென்ற பழைய கட்டடம் ஊரின் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. வாசலில் பூட்டுத் தொங்கும். சில ஆண்டுகளில் ஜன்னல் கம்பிகள் போகும், மொட்டைமாடியில் அரசங்கன்று வேர் இறக்கும், சுற்றுச்சுவர் சுவரொட்டி ஒட்ட மட்டும் பயன்படும். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டம் பிறந்தால் புது அலுவலகங்கள் எழும். அவை எழுந்தால் பழையவை காலியாகும். பிரிவினை இல்லாமலே காலியானவையும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். வரிசை வரிசையாகக் கருவிகள் நின்ற தொலைபேசி நிலையங்களுக்கு இன்று ஓர் அறை போதும். பழைய பேரூராட்சி அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் எனப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். இவற்றில் உறுதியாக நிற்கும் கட்டடங்களை, பள்ளியை எப்போதோ விட்டுவிட்ட பெரியவர்கள் மாலையில் வந்து படிக்கும் நிலையான இடமாக்க வேண்டும். தென்காசி மாவட்டத்தின் வடகரை போன்ற ஒரு பேரூருக்கு இது ஏன் வேண்டும், எப்படி முடியும், எங்கே தவறக்கூடும் என்று பார்ப்போம்.

முதல் கேள்வி எளிதில் எழக்கூடியது: தமிழ்நாட்டில் இனியும் எழுத்தறியாதவர் இருக்கிறார்களா? கல்லூரி வயதினரில் கல்லூரிக்குப் போவோர் விகிதம் 2021-22 கணக்குப்படி இங்கே 47 சதவீதம். நாட்டின் பெரிய மாநிலங்களில் இதுவே முன்னணி. இந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அது இளைஞர்களைப் பற்றிய கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. அதாவது ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் ஒன்றேகால் கோடிக்கும் அதிகமானோர் எழுத்தறியாதவர்களாகப் பதிவானார்கள். தென்காசி அப்போது சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் நிலை மாநிலச் சராசரியைவிடச் சற்று மேல், அவ்வளவுதான். இந்தக் கணக்கில் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. பெயரெழுதத் தெரியும், பஸ்ஸின் ஊர்ப்பெயரைக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் ஒரு பக்க விண்ணப்பத்தை நிரப்ப முடியாது என்பவர்களைக் கணக்கெடுப்பு எழுத்தறிந்தவர் பக்கம் சேர்த்துவிடுகிறது. ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ நின்றுபோன நாற்பது வயதுப் பெண்ணும் அந்தப் பக்கம்தான். படிப்பு முடிந்தவர்களாக அரசு எண்ணும் இவர்களுக்குத்தான் இன்று படிப்பு அன்றாடத் தேவையாகியிருக்கிறது.

வடகரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், மேக்கரை அடவிநயினார் அணையிலிருந்து இறங்கிவரும் அனுமன் நதியின் பாசனத்தை நம்பிய ஊர். பண்பொழியும் அச்சன்புதூரும் அக்கம்பக்கம். காரும் பிசானமுமாக இரு போக நெல் விளையும் வயல், தென்னந்தோப்பு, வீட்டுத் திண்ணையில் சொளகை மடியில் வைத்துச் சுற்றும் பீடி, வளைகுடாவில் உழைக்கும் ஆண்கள் என்று இந்த வட்டாரத்தின் வருமானம் பல கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் யானை தென்னையைச் சாய்த்துவிட்டால், இழப்பீட்டுக்கு வனத்துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கொடுத்த இலை எவ்வளவு, கழித்த கட்டு எவ்வளவு, வைப்புநிதிக்குப் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் பாஸ்புக்கில் எழுத்தாக இருக்கின்றன. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போகத் தொழிலாளர் அட்டை வேண்டும். பிள்ளைக்கு வரவேண்டிய உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வளைகுடா வேலையின் கதையோ இன்னும் நேரடியானது. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் சேர்கிறது. குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி பெற்றாக வேண்டும், வளைகுடா நாடுகள் அந்தப் பட்டியலில் உள்ளன. தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினால் அந்தத் தடை விலகும். முப்பது வயதுக் கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பத்தாம் வகுப்புப் பாடம் சொல்லித்தர மாலையில் திறந்திருக்கும் ஒரு கதவு ஊரில் இருந்தால் எத்தனை பேர் பயனடைவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

செல்போன் வந்துவிட்டதே, பேசினாலே எழுதிக்கொள்கிறதே, இனி எதற்குப் படிப்பு என்பாரும் உண்டு. செல்போன் தேவையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது. முன்பு வங்கிக் காசாளர் முகம் பார்த்துப் பணம் தந்தார், இப்போது ஓ.டி.பி. எண் எது, அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வந்த வாசகம் எது எனப் பிரித்தறிய வேண்டியவர், படிக்கத் தெரியாத பாட்டிதான். திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு எழுதித் தருபவர்களைச் சுற்றி நிற்கும் கூட்டமே இதற்குச் சாட்சி. தன் குறையை இன்னொருவர் கையெழுத்தில், இன்னொருவர் சொற்களில், காசு கொடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நிலையை மாற்ற வேண்டும் என்று நினைப்பது பெரிய ஆசை ஒன்றுமில்லை.

இதே மண்ணில் அதற்கான மாபெரும் முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. 1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கமாக எழுந்தது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் இயக்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவரான எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அந்த நாட்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். தெருவிளக்கின் அடியில், கோயில் வாசலில், மரத்தடியில் வகுப்புகள் நடந்தன. சம்பளம் வாங்காத தொண்டர்கள் பாடம் நடத்தினார்கள். தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றில் அதற்கு இணையான மக்கள் இயக்கம் அரிது என்பேன். ஆனால் இயக்கம் ஓய்ந்தபோது தெருவிளக்கு மட்டும் மிஞ்சியது. புதிதாக எழுத்தறிந்தவர் வாசிக்கும் பழக்கத்தைத் தொடராவிட்டால் எழுத்து மறந்துபோகும் என்பதை அதை நடத்தியவர்களே அறிந்திருந்தார்கள். அதற்காகத்தான் தொடர்கல்வித் திட்டங்களும் வளர்கல்வி மையங்களும் பின்னால் வந்தன. அவற்றுக்கு நிலையான இடமும் இல்லை, நிலையான நிதியும் இல்லை. திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் அலமாரியும் புத்தகங்களும் யாரோ ஒருவர் வீட்டுக்கோ பள்ளியின் மூலைக்கோ போயின.

பெயர்கள் மாறிக்கொண்டேதான் வந்தன. 2009-இல் வந்த சாக்‌ஷர் பாரத் திட்டம், முதன்மையாகப் பெண் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்த மாவட்டங்களுக்கானது. திருநெல்வேலி போன்ற மாவட்டம் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. அந்தத் திட்டமும் 2018 மார்ச்சில் முடிந்தது. அடுத்து ‘கற்போம் எழுதுவோம்’ வந்தது. இப்போது நடப்பது 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 1,037.90 கோடி ரூபாயில் நாடெங்கும் ஐந்து கோடிப் பேரை எட்டுவது இலக்கு. தமிழ்நாட்டில் பள்ளி சாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. பெரும்பாலும் பள்ளிகளில், தன்னார்வலர்களைக் கொண்டு, ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சி. முடிவில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். இத்திட்டத்தில் உழைக்கும் தன்னார்வலர்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 200 மணி நேரம் முடிந்த மறுநாள் அதில் படித்த பெண் எங்கே போவார் என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை. நாற்பது ஆண்டுகளாக நம்மிடம் இருந்தது இயக்கங்கள்; இல்லாமல் இருந்தது முகவரி.

பள்ளிக்கூடமே அந்த முகவரியாக இருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. மாலை ஐந்து மணிக்குமேல் வகுப்பறைகள் சும்மாதானே இருக்கின்றன? இதற்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றும் நடைமுறை சார்ந்தவை. பள்ளியின் சாவி தலைமை ஆசிரியரின் பொறுப்பு. தேர்வு, தேர்தல், கணக்கெடுப்பு, பயிற்சி முகாம் என்று எது வந்தாலும் முதலில் வெளியேற வேண்டியது விருந்தாளி வகுப்புதான். இரண்டாவது, ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சில் ஐம்பது வயதுக்காரரால் அரைமணி நேரம் உட்கார முடியாது. மூன்றாவது, கூச்சம். பேரன் படிக்கும் வகுப்பறையில், பேரனின் ஆசிரியர் எதிரே சிலேட்டுப் பிடிக்கப் பலருக்கு மனம் வராது. அலுவலகக் கட்டடத்துக்கு இந்தக் குறை இல்லை. அது பெரியவர்கள் வந்துபோன இடம். வரி கட்ட, சான்றிதழ் வாங்க, தந்தி அடிக்க என்று ஊர் பழகிய படிக்கட்டு அது. பஸ் நிறுத்தத்துக்கும் கடைத்தெருவுக்கும் பக்கத்தில் இருப்பதால், உள்ளே போகும் பெண் எங்கே போகிறார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெரியவர்கள் கூடிக் கற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல, ரசிகமணி டி.கே.சி.யின் நெல்லை வீட்டு முற்றத்திலும் பிறகு அவர் வாழ்ந்த குற்றாலத்திலும் வளர்ந்தவர்கள் உட்கார்ந்து கம்பனைக் கேட்டார்கள். அது படித்தவர்களின் வட்டம். அந்த வாய்ப்பு பீடி சுற்றுபவருக்கும் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் பார்ப்போம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். ஆரியங்காவுக் கணவாய் தாண்டினால் கொல்லம் மாவட்டம். அந்தக் கொல்லத்தில், பிராக்குளத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறிய செய்தி 2020-இல் நாடெங்கும் பேசப்பட்டது. அதற்கு முன் 2018-இல் ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். இவர்களுடைய மனஉறுதி தனி. அதற்குப் பின்னால் ஓர் அமைப்பும் இருந்தது. முழு எழுத்தறிவு அறிவிப்போடு கேரளம் கடையை மூடவில்லை. நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று படிப்படியாக இணைத்தேர்வுகளை வைத்து, தொடர்கல்வி மையங்கள் வழியே பெரியவர்களை மேலே கொண்டுபோனது. அங்கும் குறை உண்டு. மையங்களை நடத்தும் பிரேரக்குகளின் ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையானது அண்மைக் காலத்தின் பெரிய சிக்கல். அந்தக் குறையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

கைவிடப்பட்ட அரசுக் கட்டடங்களைக் கல்விக்குத் திருப்புவதில் நாட்டின் தெளிவான உதாரணம் ஜார்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா. செல்போன் மோசடிக்குப் பெயர்போன அதே ஜாம்தாராதான். 2020 நவம்பரில், அப்போதைய மாவட்டத் துணை ஆணையர் ஃபைஸ் அக் அகமது மும்தாஜ் முயற்சியில், பாழடைந்து கிடந்த அரசுக் கட்டடம் ஒன்று சீரமைக்கப்பட்டு ஊர் நூலகமானது. பிறகு மாவட்டத்தின் 118 ஊராட்சிகளிலும் இதே முறையில் நூலகங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு சில லட்ச ரூபாய்க்குள் அடங்கியது. கட்டடத்தைப் புதுப்பித்துத் தந்தது நிர்வாகம். நடத்தும் பொறுப்பை ஏற்றது அந்தந்த ஊர்மக்கள். புதிதாகக் கட்டியிருந்தால் 118 இடங்களில் நிலம் தேடி, அனுமதி பெற்று, ஒப்பந்தம் விட்டு முடிக்கப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நம்மைவிடப் பல மடங்கு வசதி குறைந்த மாவட்டம் ஒன்று செய்து காட்டியதை நம்மால் முடியாது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஆனால் ஜாம்தாரா நூலகங்களுக்குள் பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள். தமிழ்நாட்டிலும் இதுதான் நடக்கிறது. தென்காசி வ.உ.சி. வட்டார நூலகம் போட்டித் தேர்வு மாணவர்களின் இரண்டாம் வீடாக இருக்கிறது. செங்கோட்டை நூலகமும் அப்படியே. மாநில அரசு 2024 ஜனவரியில் நகர்ப்புறங்களில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலக அறிவுசார் மையங்களைத் திறந்தது. அவை அவசியமானவை, நன்றாக நடப்பவை. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டியைப் புரட்டும் இருபத்திரண்டு வயது இளைஞர்கள் நிறைந்த அமைதியான கூடத்தில், எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இடமில்லை. பெரியவர் கல்வி சத்தமான கல்வி. கேட்பது, சொல்வது, தப்பாகச் சொல்வது, சிரிப்பது, திரும்பச் சொல்வது என்றுதான் அது நடக்கும். ஆகவே பழைய அலுவலகத்தை மாற்றும்போது பெயர்ப்பலகையில் இல்லாவிட்டாலும் நேரப்பட்டியலில் ஒதுக்கீடு எழுதப்பட வேண்டும்: குறிப்பிட்ட அறைகள், குறிப்பிட்ட மாலை நேரங்கள் பெரியவர்களுக்கே. எழுதாவிட்டால் இளைஞர்கள் தவறில்லாமலே அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். பழைய கட்டடம் ஆபத்து என்ற அச்சத்தை இந்தப் பக்கத்து மக்களிடம் யாரும் லேசாகப் பேச முடியாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுத்து இடிக்கப்பட்டன. சரியான முடிவு அது. எனவே எந்தக் கட்டடமும் பழையது என்பதாலேயே காப்பாற்றத் தக்கதும் அல்ல, இடிக்கத் தக்கதும் அல்ல. சோதித்துத்தான் சொல்ல முடியும். எழுபதுகள், எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் கூரைகளுக்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றே. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல கான்கிரீட்டுக்குள் இறங்கி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிப்பதில்லை. காரம் போனதும் ஈரம் பட்டுத் துரு ஏறுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது. அதனால் கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. கூரையில் காரை விழுந்து கம்பி தெரிவது இதனால்தான். சிறு துளையிட்டு பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். மேலோட்டமாக இருந்தால் துருவைச் சுரண்டிப் பூசிக் காப்பாற்றலாம். தூண்களும் உத்திரங்களும் விரிசல் கண்டிருந்தால் ஆசைப்படாமல் விட்டுவிட வேண்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளரின் உறுதிச் சான்று இல்லாமல் ஒரு நாற்காலியைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு சோதனை மழை. ஜூனில் தொடங்கும் குற்றாலச் சாரல் கணவாய் வழியே நுழைந்து மலையடி ஊர்களை மாதக்கணக்கில் நனைக்கிறது. அது ஓய்ந்து சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. சுவர் முழுதாகக் காய இடைவெளியே இருப்பதில்லை. ஏப்ரலில் வந்து பார்க்கும் பொறியாளருக்கு நன்றாகத் தெரியும் கட்டடம் ஜூலையில் ஓதம் அடிக்கும்; புத்தகம் பூஞ்சை பிடிக்கும், கணினி கெட்டுப்போகும். ஆகையால் ஆய்வை மழைக்காலத்தில் வைக்க வேண்டும், செலவில் முதல் பங்கு மேல்தளத்துக்குப் போக வேண்டும். கூரையில் தட்டோடு பதித்து நீர்வாட்டம் சரிசெய்வதற்கு முன் சுவருக்கு வண்ணம் அடிப்பது வீண். எடைக் கணக்கும் முக்கியம். இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 875 அலுவலக அறையின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 முதல் 400 கிலோ வரையும், வகுப்பறைக்கு 300 கிலோவும், புத்தக அடுக்கறைக்குக் குறைந்தது 600 கிலோவும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆக 300 கிலோவுக்குக் குறையாமல் கணக்கிட்டுக் கட்டிய அலுவலகத் தளம் வகுப்பைத் தாங்கும். மாடியில் புத்தக அலமாரிகளை அடுக்கினால் தாங்கும் என்று சொல்ல முடியாது. புத்தகம் கீழே, வகுப்பு மேலே. நடக்க முடியாதவர்களுக்கான வகுப்பு மட்டும் கீழ்த்தளத்தில், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளத்தோடு. பழைய தொலைபேசி நிலையங்கள் கனமான கருவிகளுக்காகக் கட்டப்பட்டவை என்பதால் இந்த வகையில் கூடுதல் பொருத்தம். இவற்றையெல்லாம்விட அலுவலகங்களில் அதிகம் தவறுவது கழிப்பறை. பெண்களுக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள தனிக் கழிப்பறை இல்லாத மையம் மூன்றாம் மாதத்தில் ஆண்களின் செய்தித்தாள் அறையாகிவிடும்.

யாருடைய கட்டடம் என்பதில்தான் பல நல்ல யோசனைகள் செத்துப்போகின்றன. நிலம் வருவாய்த் துறையின் புறம்போக்காக இருக்கும், கட்டடம் இன்னொரு துறையுடையதாக இருக்கும், பேரூராட்சி மூன்றாம் தரப்பாக நிற்கும். மத்திய நிறுவனக் கட்டடம் என்றால், விற்றுப் பணமாக்கும் திட்டத்தில் அது சேர்ந்திருக்கும். விற்றால் வரும் பணத்தில் வேறு நல்ல காரியம் செய்யலாமே என்பாரும் உண்டு. பெருநகரத்தின் மையத்தில் அந்த வாதத்துக்கு எடை அதிகம். சிற்றூரிலோ விற்ற இடத்தில் வணிக வளாகம் வரும், பணம் தலைநகரக் கணக்குக்குப் போகும், ஊருக்குப் பொது இடம் ஒன்று நிரந்தரமாகக் குறையும். அரசு மனம் வைத்தால் பயன்பாட்டை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என 2010-இல் திறந்த கட்டடம் 2014-இல் பன்னோக்கு மருத்துவமனையானது. எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021-இல் காவல் அருங்காட்சியகமானது. தஞ்சாவூரின் பழைய ஆட்சியர் அலுவலகமும் அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. மாற்றியவை பெரும்பாலும் பார்க்க வருபவர்களுக்கான இடங்களாகின. கற்க வருபவர்களுக்கும் அந்த அக்கறை கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சிற்றூரின் சாதாரணக் கட்டடத்துக்கு உரிமையை மாற்றக்கூட வேண்டாம். துறையிடமிருந்து பேரூராட்சி நீண்டகாலப் பயன்பாட்டு அனுமதி பெற்றால் போதும். ஓராண்டு, இரண்டாண்டு அனுமதி என்றால் கூரைக்குச் செலவழிக்க யாருக்கும் துணிவு வராது.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு செலவைப் பற்றியது. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் கிடைத்துவிடும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி உண்டு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் உண்டு, வளைகுடாவில் உழைப்பவர்கள் ஊர்ப்பொதுவுக்குக் கொடுத்துப் பழகியவர்கள். ஆனால் நான்காம் ஆண்டு மின்கட்டணத்தையும் நடத்துபவரின் சம்பளத்தையும் யார் கொடுப்பது? சாக்‌ஷர் பாரத்தில் ஊராட்சி மையத்தை நடத்திய பிரேரக்குக்கு மாதம் 2,000 ரூபாய். அந்த மதிப்பூதியத்தில் ஒருவர் மாலைதோறும் கதவைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். திட்டம் முடிந்ததும் அதுவும் நின்றது. தன்னார்வத்தால் ஓர் இயக்கத்தைத் தொடங்கலாம். தினமும் திறக்கும் கதவுக்குச் சம்பளம் வாங்கும் ஒருவர் வேண்டும். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். இதற்கான வழி தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1948-இன் பொது நூலகச் சட்டம் இந்திய மாகாணங்களிலேயே முதலாவது, எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றோரின் நெடுநாள் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அதன்படி சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக மக்கள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளாட்சிகள் அதை வசூலித்துவிட்டு நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழைய நோய். அந்த நிலுவையில் ஒரு பகுதியை, ஊரிலேயே நடக்கும் பெரியவர் கற்றல் மையத்தின் சம்பளத்துக்கு என்று ஈடுசெய்ய அரசு ஆணை பிறப்பித்தால், புதுவரி ஏதும் வேண்டாம்.

நேரப்பட்டியலை எழுதுவது சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவர்கள் வேலை அல்ல. நடவு நேரத்தில் கூலிப்பெண்கள் வரமாட்டார்கள். ரமலான் மாதத்தில் மாலை வகுப்பு நடக்காது, அதைக் காலைக்கு மாற்ற வேண்டும். பீடி சுற்றுபவர் கடைக்குக் கணக்குக் கொடுக்கும் நேரம் தெருவுக்குத் தெரு மாறும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடையிலும் விடுதியிலும் ஆட்டோவிலும் வேலை செய்பவர்களை வகுப்பில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே வடகரையில் மையத்தை நடத்தும் குழுவில் கற்பவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். அவர்களில் பெண்கள் பாதி. முதல் ஆண்டில் எழுத்தறிவு வகுப்பு ஒன்று, எட்டாம், பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு ஒன்று, செல்போனில் வங்கியையும் அரசு விண்ணப்பங்களையும் கையாள ஒன்று என்று மூன்றோடு தொடங்கினால் போதும். தீர்மானம் போடும் பேரூராட்சி மன்றம், சீரமைப்புச் செலவையும் மூன்று ஆண்டுச் சம்பளத்தையும் ஒரே தீர்மானத்தில் எழுத வேண்டும். இரண்டாவதற்குப் பணம் கண்டுபிடிக்காமல் முதலாவதைத் தொடங்கக் கூடாது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதில் சான்றிதழ் வாங்கியவர்கள் அடுத்த படிக்குப் போக ஒரு கட்டடம் அதற்குள் தயாராக வேண்டும். ஒரு மழைக்காலத்தை ஆய்வுக்கும், அடுத்த வெயில்காலத்தைக் கூரை வேலைக்கும் ஒதுக்கினால் கைக்கு எட்டும் காலம்தான் அது.